தேறாத பிள்ளைக்கு எந்த ஆகாரம்?

மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரத்தை முதுகுப்புறம் விட்டு, வில்லாபுரம் வழியாகத் தெற்கு நோக்கிச் செல்லும் சாலையில் நாலு மைலுக்குள் வந்துவிடும் அவனியாபுரம், இன்று மதுரை மாநகராட்சியின் ஒரு பகுதி. 2011ஆம் ஆண்டு மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரையில் தனி நகராட்சியாகவும், அதற்கு வெகுகாலம் முன்பு கண்மாய்த் தண்ணீரையும் வானத்து மழையையும் நம்பிய கிராமமாகவும் இருந்தது. தை மாதம் முதல் நாள் இவ்வூரில் வாடிவாசல் திறந்த பிறகுதான் பாலமேடும் அலங்காநல்லூரும் தங்கள் முறைக்குக் காத்து நிற்கும். அந்த ஒரு நாளுக்காக ஆண்டு முழுவதும் காளையைப் பேணுகிறவர், எந்தப் பருவத்தில் பருத்திக்கொட்டை, எந்தப் பருவத்தில் உளுந்தந்தூசி, எப்போது பேரீச்சம்பழம், எப்போது முட்டை என்று கணக்குத் தவறாமல் வைப்பார். ஒரு தீனி உடம்பில் ஒட்டவில்லை என்று கண்டால் அடுத்த வாரமே அதை மாற்றிவிடுவார். ஆகாரத்தின் பலனை உடம்பைப் பார்த்து அளக்கும் அறிவு இந்தச் சமவெளிக்குப் புதிதன்று. அதே அறிவு, இளைத்துப்போன ஒரு வயதுக் குழந்தையின் விஷயத்தில் எப்படிப் பயன்பட்டது, எங்கெங்கே தவறியது, எந்த மாவும் எந்தப் பாலும் எந்த உருண்டையும் அக்குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டன என்பதுதான் நான் இங்கே சொல்ல விரும்பும் சரித்திரம். அந்தச் சரித்திரத்தில் மதுரை ஜில்லாவுக்கு உள்ள பங்கு, மதுரைக்காரர்களே அறிந்ததைவிடப் பெரிது.

முதலில் நோயின் தன்மையைச் சொல்லிவிட வேண்டும். எலும்பும் தோலுமாகக் கிடக்கும் குழந்தையைக் கண்டால் யாரும் பதறுவார்கள். ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அதற்கு முந்தின படியில் நிற்கும் குழந்தையைத்தான் ஒருவரும் கவனிப்பதில்லை. உயரத்துக்கேற்ற எடை இல்லை. ஆனாலும் அது தவழ்கிறது, சிரிக்கிறது, தெருவில் விளையாடுகிறது. புஜத்தின் நடுப்பகுதியை ஒரு நாடாவால் சுற்றி அளந்தால் பதினொன்றரை சென்டிமீட்டருக்கும் பன்னிரண்டரை சென்டிமீட்டருக்கும் இடையில் நிற்கும். வைத்தியர்கள் இதை நடுத்தரமான போஷாக்குக் குறைவு என்கிறார்கள். நம் பாட்டிமார் ‘பிள்ளை தேறவில்லை’ என்று சொல்லி, வசம்பும் சாதிக்காயும் உரசி நாக்கில் தடவி, சவலைக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் போதும், இந்தக் குழந்தை இரண்டே வாரத்தில் கடைசிப் படிக்குச் சறுக்கி விழுந்துவிடும். எண்ணிக்கையிலும் இவர்களே அதிகம். மரிக்கும் சிசுக்களில் பலர் இந்தக் கூட்டத்திலிருந்து போனவர்களே.

ஆறு மாதம் வரையில் தாய்ப்பால் காத்துவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் ஒன்றரை ஆண்டுதான் ஆபத்தான காலம். மதுரைப் பக்கத்து வீடுகளில் அந்தக் காலத்துக்கென்று கேப்பையை ஊறவைத்து அரைத்துத் துணியில் வடித்துக் காய்ச்சும் பாலும், பொட்டுக்கடலை மாவும், குழையப் பிசைந்த பருப்புச் சோறும் வழக்கத்தில் இருந்தன. ஆகாரம் நல்லதுதான், போதாமைக்குக் காரணம் வேறு. கஞ்சி நீர்த்தது, குழந்தையின் வயிறு சிறியது. ஒரு கிண்ணம் குடித்ததும் வயிறு நிறையுமே தவிர, உடம்புக்கு வேண்டிய சக்தியில் பாதிகூட உள்ளே போயிராது. ஒரு நாளைக்கு ஐந்து தரம் ஊட்டினால் இந்தக் குறை தீரும். களையெடுக்கவும் நாற்று நடவும் விடியலில் புறப்பட்டுப் பொழுதுசாயத் திரும்பும் தாய், எந்தக் கையால் ஐந்து தரம் ஊட்டுவாள்? வீட்டில் விட்டுப்போன ஆறு வயது அக்காள் ஊட்டியதே ஊட்டு. வறுமையும் நேரமின்மையும் சேர்ந்து செய்த இந்த வேலையை, வெகுகாலம் வரையில் தோஷமென்றும் திருஷ்டியென்றும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

எந்த உப உணவு உயர்ந்தது என்று அளந்து பார்க்கும் சாஸ்திர முயற்சி, நம் ராஜதானியில் குன்னூர் மலையில் தொடங்கியது. 1918இல் அங்கே ராபர்ட் மக்காரிசன் என்ற ராணுவ வைத்தியர் பெரிபெரி நோயை ஆராய ஆரம்பித்த சிறிய கூடமே, பிற்காலத்தில் ஹைதராபாத்துக்குச் சென்று தேசியப் போஷாக்கு நிறுவனமாக வளர்ந்தது. தீட்டிய அரிசியை நம்பிய தென்னாட்டு உணவில் வளர்ந்த எலிகள், கோதுமை ரொட்டியும் பாலும் காய்கறியும் தின்று வளர்ந்த எலிகளுக்கு முன்னே எவ்வளவு நலிந்து நின்றன என்பதை மக்காரிசன் படம் பிடித்தே காட்டினார். அவருக்குப் பின் அங்கே தலைமையேற்ற ஆய்க்ராய்டும் அவருடைய சகாவான கிருஷ்ணனும் 1937இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில் எலிகளை விட்டுப் பிள்ளைகளிடம் வந்தார்கள்: கொழுப்பு நீக்கிய பால், சோயா மொச்சை முதலியவற்றை வழக்கமான உணவோடு சேர்த்துக் கொடுத்து, எது பிள்ளைகளை வளர்க்கிறது என்று ஒப்பிட்டார்கள். பால் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் உயரத்திலும் எடையிலும் முந்தினார்கள். சோயா அந்தப் பலனைத் தரவில்லை. அப்போது பெரிதாகப் புகழப்பட்ட ஒரு பயறை நேரே சோதித்து, அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று மறைக்காமல் எழுதிய அந்த நேர்மைக்காகவே அந்தக் கட்டுரையை நான் மதிக்கிறேன்.

பால் உயர்ந்தது என்று தெரிந்துவிட்டது. ஆனால் பாலுக்கு எங்கே போவது? மதுரை நகரத்தின் கழிவுநீரைப் பாய்ச்சிப் பசும்புல் வளர்க்கும் பண்ணை அவனியாபுரத்தில்தான் இருந்தது. அந்தப் புல்லைத் தின்ற மாடுகளின் பால், விடிவதற்குள் நகரத்துக் காப்பிக் கிளப்புகளுக்கும் பணம் கொடுக்கக்கூடிய வீடுகளுக்கும் போய்விடும். மாட்டைக் கறந்த வீட்டுப் பிள்ளைக்கு எஞ்சியது மோர். இந்த நிலையில்தான் 1950களில் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியிலிருந்து பால்தூள் வந்தது. காமராஜர் 1956இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கிவைத்த பிறகு, 1960களில் ‘கேர்’ நிறுவனத்தின் மூலம் அமெரிக்கக் கோதுமையும், எண்ணெய்த் தகரங்களும், மக்காச்சோளமும் சோயாவும் பால்தூளும் கலந்த மஞ்சள் மாவும் கப்பல் கப்பலாக வந்தன. அந்த மாவில் கிண்டிய உப்புமாவின் வாசனை, அக்காலத்தில் ஆரம்பப் பள்ளியில் படித்த ஒரு தலைமுறைக்கே நினைவில் நிற்கும். பசித்த வயிற்றுக்கு அது அமிர்தமாகவே இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதை உண்டவர்கள் பள்ளிக்கு நடந்து வரக்கூடிய வயதினர். அவர்களுடைய ஒன்றரை வயதுத் தம்பி வீட்டிலேயே இருந்தான்.

பால்தூளில் இன்னொரு குறையும் ஒளிந்திருந்தது. கொழுப்பை நீக்கும்போது அதோடு ‘ஏ’ வைட்டமினும் போய்விடுகிறது. அந்தச் சத்து ஏற்கெனவே வற்றியிருக்கும் குழந்தை, பாலின் புரதத்தால் சட்டென்று வளரத் தொடங்கினால், மிச்சமிருந்த கொஞ்சமும் செலவாகிக் கண்ணே பறிபோகலாம் என்பதைப் பல தேசங்களில் வைத்தியர்கள் கண்டு எச்சரித்தார்கள். பிற்பாடு தூளில் வைட்டமின் சேர்க்கப்பட்டது.

அந்தக் காலத்து விஞ்ஞான உலகம் புரதம் ஒன்றையே ஜபித்துக்கொண்டிருந்தது. மைசூரில் வி. சுப்பிரமணியன் தலைமையில் இயங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், எண்ணெய் எடுத்த நிலக்கடலை மாவு முக்கால் பங்கும் வறுத்த கடலைமாவு கால் பங்கும் சேர்ந்த ‘பல்நோக்கு உணவு’ ஒன்றைச் செய்தது. நிலக்கடலை நம் மண்ணின் விளைச்சல் என்பதால் நம்பிக்கை பெரிதாக இருந்தது. பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற விஷம் உண்டாகிறது என்று 1960களில் தெரியவந்ததும் அந்த உற்சாகத்துக்குத் தடை விழுந்தது. கோயம்புத்தூரில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியை வளர்த்த ராஜம்மாள் தேவதாஸ் வேறொரு வழியைப் பிடித்தார். எந்த ஊரில் எந்தத் தானியம் விளைகிறதோ அதை வறுத்து, பாசிப்பயறும் நிலக்கடலையும் வெல்லமும் சேர்த்து, தாயே வீட்டில் இடித்து வைத்துக்கொள்ளும்படி அவர் வகுத்த ‘குழந்தை அமுது’, ஆலையையும் கப்பலையும் எதிர்பாராதது. ஹைதராபாத் நிறுவனத்தாரும் இதே வகையில் கோதுமை 40 கிராம், கடலைப் பருப்பு 16 கிராம், நிலக்கடலை 10 கிராம், வெல்லம் 20 கிராம் என்று ஒரு கலவையைக் கணக்கிட்டார்கள். அதில் 330 கலோரியும் 11 கிராமுக்குச் சற்று மேற்பட்ட புரதமும் உண்டு.

புரத மோகத்தைக் கலைத்தவர்களில் முதன்மையானவர் குன்னூரிலும் ஹைதராபாத்திலும் பணியாற்றிய சி. கோபாலன். ஒரே ஏழை உணவை உண்ணும் பிள்ளைகளில் சிலர் வீங்கியும் சிலர் உலர்ந்தும் போவதைக் கண்ட அவர், குறைவது புரதம் மட்டுமா என்று கேட்டார். ஹைதராபாத்தைச் சுற்றிய கிராமங்களில் பள்ளிப் பருவம் எய்தாத குழந்தைகளுக்குப் பதினாலு மாதம், நாள்தோறும் 310 கலோரியும் வெறும் 3 கிராம் புரதமும் உள்ள இனிப்புப் பண்டத்தைக் கொடுத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிட நன்றாக வளர்ந்தார்கள். 1973இல் வெளியான அந்த முடிவு, ஏழைக் குழந்தைக்கு முதலில் தேவைப்படுவது வயிறு நிறைய உணவு என்ற பழைய உண்மையை அளந்து நிரூபித்தது. இவ்வளவு எளிய செய்தியைச் சொல்ல உலகம் இத்தனை ஆண்டு எடுத்துக்கொண்டதே என்று வருந்தத் தோன்றுகிறது.

இந்த விவாதங்கள் பத்திரிகைகளில் நடந்துகொண்டிருந்த நாட்களில், மதுரை எர்ஸ்கின் ஆஸ்பத்திரியின் கண் சிகிச்சைப் பிரிவில் வேறொரு காட்சி தினமும் நடந்தது. ராஜாஜியின் பெயரை இன்று தாங்கி நிற்கும் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு, சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து தாய்மார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவார்கள். வெளிச்சம் பட்டால் கண்ணைத் திறக்காத குழந்தை. கருவிழி உலர்ந்து, மேகம் படர்ந்து, சில சமயம் உருகியே போயிருக்கும். உடம்பு இளைத்ததன் கடைசி அடையாளமாகக் கண் போயிற்று. கண் வைத்தியராக அங்கே தலைமை வகித்த டாக்டர் கோ. வெங்கடசாமி, கண்ணை மட்டும் பார்த்து அனுப்பினால் அதே குழந்தை அதே வீட்டுக்கு, அதே கஞ்சிக்குத் திரும்பும் என்பதை உணர்ந்தார். 1970களின் தொடக்கத்தில் ஆஸ்பத்திரியைச் சார்ந்து அவர் ஒரு போஷாக்குப் புனர்வாழ்வு நிலையத்தை ஏற்படுத்தினார். குழந்தை வைத்தியப் பேராசிரியர் கே. ஏ. கிருஷ்ணமூர்த்தி முதலியோர் துணை நின்றார்கள். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் கண்ணின் ரசாயனத்தை ஆயுள் முழுதும் ஆராய்ந்து ஓய்வுபெற்ற ஆந்துவானெட் பிரீ அம்மையாரும் மதுரைக்கு வந்து இப்பணியில் கலந்துகொண்டார்.

அந்த நிலையத்தின் ஏற்பாட்டைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். குழந்தையோடு தாயும் சில வாரம் அங்கேயே தங்குவாள். கொடுக்கப்பட்டது சீமைத் தகரத்தில் வந்த மாவு அன்று. அவளால் ஊரில் வாங்கக்கூடிய அரிசியும் கேப்பையும் பருப்பும், வேலியோரத்தில் கிடைக்கும் முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் தண்டுக்கீரையுமே. அவற்றை எவ்வளவு, எப்படி வேகவைப்பது, கொஞ்சம் எண்ணெய் சேர்ப்பது ஏன், குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது என்பதையெல்லாம் தாயே சமைத்து ஊட்டிப் பழகினாள். கீரை குழந்தைக்கு ஆகாது, பேதியாகும் என்று மாமியார் சொல்லி நம்பியிருந்தவள், தன் பிள்ளை கீரைச் சோறு தின்று தேறுவதைத் தன் கண்ணாலேயே பார்த்தாள். பத்துப் பிரசங்கத்தால் ஆகாத காரியம் அது. 1976இல் இந்த நிலையத்தின் அனுபவத்தை வெங்கடசாமியும் கிருஷ்ணமூர்த்தியும் பிரீ அம்மையாரும் சகாக்களும் ‘லான்செட்’ பத்திரிகையில் எழுதினார்கள். அம்மையாரின் கணவர் நார்மன் பிரீ, இலையிலிருந்து யந்திரத்தால் புரதத்தைப் பிழிந்தெடுத்து உலகப் பஞ்சத்தைத் தீர்க்கலாம் என்று வாதாடிய பெரிய விஞ்ஞானி. மனைவியோ அந்த இலையை மதுரைத் தாய்மாரின் சட்டியிலேயே வேகவைத்துக் காட்டினார். என் அபிப்பிராயத்தில் சட்டியே வென்றது. நிலையத்தின் குறையும் வெளிப்படையானது: வீட்டையும் மற்ற பிள்ளைகளையும் கூலியையும் விட்டு வாரக்கணக்கில் தங்கத் துணியும் தாய்மார் சிலரே. இளைத்த பிள்ளைகளோ ஊர்தோறும் இருந்தார்கள்.

ஆகவே ஊருக்கே போக வேண்டியிருந்தது. 1973இல் நடந்த தமிழ்நாட்டு உணவு ஆய்வு, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளே எல்லாத் திட்டங்களின் வலையிலிருந்தும் நழுவுகிறார்கள் என்ற செய்தியை ஆட்சியாளர் முன் வைத்தது. அதன் பலனாக, உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் உருவாயிற்று. 1980இல் அது முதன்முதலாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட இடம், அவனியாபுரத்திலிருந்து நகரத்தைக் கடந்து வடகிழக்கே போனால் வரும் மேலூர்ப் பக்கத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியம்.

கொட்டாம்பட்டியில் நடந்தது இதுதான். அந்தந்தக் கிராமத்துப் பெண் ஒருத்தி பணியாளராக நியமிக்கப்பட்டாள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் தராசில் இட்டு, அட்டையில் புள்ளி குத்தி, போன மாதத்துப் புள்ளியோடு கோடு இழுப்பது அவளுடைய முதல் வேலை. கோடு மேலே ஏறினால் தாய்க்குப் பாராட்டு, ஆகாரம் இல்லை. கோடு படுத்துவிட்டாலோ இறங்கினாலோ, அந்தக் குழந்தைக்கு மட்டும் தொண்ணூறு நாள் ஊட்டம். தானிய மாவும் பருப்பு மாவும் வெல்லமும் சேர்த்து, ஊர் மாதர் குழுவினர் வறுத்து அரைத்துப் பிடித்த லட்டு உருண்டை அது. தினமும் காலையில் குழந்தையை மையத்துக்குக் கொண்டுவந்து, பணியாளரின் கண் முன்னே ஊட்ட வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. வீட்டுக்குப் போனால் உருண்டை அண்ணனுக்கும் அக்காளுக்கும் பங்காகும் என்பதை இந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். தாய் பங்கிடாமல் என்ன செய்வாள்? தொண்ணூறு நாளில் எடை கூடிவிட்டால் உருண்டை நின்றுவிடும். கூடாவிட்டால் குழந்தைக்கு வேறு வியாதி இருக்கிறது என்று கருதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவார்கள். எந்தச் சமயத்திலும் ஊரின் குழந்தைகளில் சுமார் நாலில் ஒரு பங்குக்குத்தான் ஊட்டம் நடந்தது.

அந்த உருண்டையில் அதிசயம் ஒன்றுமில்லை. நம் வீட்டுப் பொரிவிளங்காய் உருண்டைக்கு அது தூரத்து உறவு. அதைவிடச் சத்து மிகுந்த மாவுகள் முன்பும் இருந்தன, பின்பும் வந்தன. ஆனால் யாருக்கு வேண்டும் என்று தராசைக் கேட்டு, வேண்டிய மாதத்திலேயே கொடுத்து, அந்தக் குழந்தையின் வாய்க்குள் போவதைப் பார்த்து, தேறியதும் நிறுத்திய ஒழுங்கு அதற்கு முன் இல்லை. மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய ஜில்லாக்களில் பரவிய அத்திட்டத்தால் கடுமையான போஷாக்குக் குறைவு குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. பிற நாடுகளிலிருந்து பலர் வந்து பார்த்து எழுதினார்கள். 1990 முதல் 1997 வரை நடந்த இரண்டாம் கட்டத்தில், கடைசிப் படியிலிருந்த குழந்தைகள் மேலேறி நடுப்படிக்கு வந்தார்கள். நடுப்படியில் இருந்தவர்கள் எதிர்பார்த்தபடி மேலேறவில்லை. நடுத்தரக் குறைவு எத்தனை பிடிவாதமானது என்பதற்கு இந்த அனுபவத்தைக் காட்டிலும் சாட்சி வேண்டாம்.

இதற்கிடையில் 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம், எடையையும் புள்ளியையும் கேளாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் சோறு போட்டது. தேர்ந்தெடுத்துக் கொடுப்பதே சிக்கனம் என்று வாதித்த நிபுணர்கள் பலர் இதைக் குறை கூறினார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பந்தியில் ஒருவனை உட்காரவைத்து இன்னொருவனை எழுப்புவது நம் ஊர் தர்மமன்று, பள்ளிப் பிள்ளைக்கு அந்தச் சோறு கல்வியாகவும் ஆயிற்று. ஆயினும் இரண்டு வயதில் தொடங்கிய அந்தப் பந்தியில், அதற்குக் கீழ்ப்பட்ட சிசுவுக்கு இலை போடவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பிறகு வந்தது பசையின் காலம். பிரான்சு தேசத்து ஆந்திரே பிரியாந் என்ற வைத்தியர் 1990களில், நிலக்கடலை விழுது, பால்தூள், சர்க்கரை, எண்ணெய், தாதுச் சத்துக்கள் ஆகியவற்றைக் குழைத்து உறையில் அடைத்த ஒன்றைச் செய்தார். அதில் தண்ணீர் சேர்க்க வேண்டியதில்லை, அடுப்பு வேண்டியதில்லை, கெட்டுப்போவதில்லை. சிறு வயிற்றுக்குள் பெரும் சக்தியை அடக்கிவிடுகிறது. ஆப்பிரிக்கப் பஞ்சங்களில் சாகக் கிடந்த எண்ணற்ற குழந்தைகளை அது மீட்டது. நடுத்தரக் குறைவுக்கும் அதையே கொடுக்கலாமா, கலப்பு மாவே போதுமா என்ற கேள்வி அதன் பிறகு எழுந்து இன்று வரை நடக்கிறது. மலாவி தேசத்தில் 2,700க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்து 2012இல் வெளியான ஒப்பீட்டில், பாலும் எண்ணெயும் சேர்த்து மேம்படுத்திய சோளம்–சோயா மாவு உண்டவர்களும், இருவகைப் பசைகளை உண்டவர்களும், நூற்றுக்கு 86 முதல் 88 பேர் வரை ஏறத்தாழ ஒரே அளவில் தேறினார்கள். நம் வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் 2010இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உள்ளூரிலேயே செய்த பசையைச் சில குழந்தைகளுக்குக் கொடுத்து, வேறு சிலரின் தாய்மாருக்குப் பாலும் தானியமும் சேர்ந்த சக்தி மிகுந்த கஞ்சியைச் செய்யக் கற்பித்தார்கள். மூன்று மாதத்தில் பசைக் குழந்தைகள் சராசரி 540 கிராமும், கஞ்சிக் குழந்தைகள் 380 கிராமும் கூடினார்கள். பசை முந்தியது, கஞ்சியும் தோற்கவில்லை.

ஆலைப் பசை வந்தால் சட்டியும் தாயின் கைப்பழக்கமும் போய்விடும், கம்பெனிகளின் பிடி இறுகும் என்று நம் நாட்டில் பலர் அஞ்சினார்கள். 2009இல் பீகாருக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் தருவிக்கப்பட்ட பசையை இந்திய அரசு திருப்பி அனுப்பச் சொன்னதும் உண்டு. அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் உயிர் ஊசலாடும் குழந்தைக்குப் பசை மருந்து. மருந்தை மறுப்பது அறமாகாது. 2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தில் கடுமையாக நலிந்த குழந்தைகளுக்கு அப்படிப்பட்ட உணவை வைத்தியர் மேற்பார்வையில் கொடுக்க முற்பட்டது சரியான எல்லை. நடுப்படியில் நிற்கும் குழந்தைக்கு நம் மாவு போதும், அது உண்மையாகவே ஊட்டப்படுமானால்.

அந்த மாவு இன்று அவனியாபுரத்து அங்கன்வாடிகளிலும் கிடைக்கிறது. மகளிர் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களில் கோதுமையும் கேழ்வரகும் கடலையும் வெல்லமும் சேர்த்து, வைட்டமின்கள் கலந்து செய்யப்படும் சத்துமாவு, ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான பிள்ளைக்குப் பாக்கெட்டாக வீட்டுக்கே கொடுக்கப்படுகிறது. அங்கே ஒரு மையத்தில் நான் கண்டது இது: பணியாளர் ஒரு குழந்தையின் புஜத்தில் நாடாவைச் சுற்றினார், காட்டியது நடுத்தரக் குறைவைக் குறிக்கும் மஞ்சள் நிறம். “போன மாசம் குடுத்த மாவு என்னாச்சும்மா?” என்று கேட்டார். தாய் தயங்கி, “மூத்தவனும் திம்பான்க்கா. பாதி மாட்டுக்குப் போயிருச்சு, எங்க மாமியா கூழுல கரைச்சு வச்சிருச்சு” என்றாள். பணியாளர் கோபிக்கவில்லை. கொஞ்சம் மாவை எடுத்து, வெந்நீரை ஒரு கரண்டி மட்டும் விட்டுப் பிசைந்து, ஒரு சொட்டு நல்லெண்ணெய் சேர்த்து, நெல்லிக்காய் அளவில் உருட்டி அந்தக் குழந்தையின் வாயில் வைத்தார். நாலு உருண்டை உள்ளே போயிற்று. கொட்டாம்பட்டியில் தினமும் நடந்தது, இங்கே கண் முன் ஒரு தரம் நடந்தது.

அந்த ஒரு கரண்டி வெந்நீரில் பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. அதே மாவை ஒரு சொம்பு தண்ணீரில் கரைத்தால் பழைய நீர்த்த கஞ்சிதான்; குழந்தை நிறைந்த வயிற்றோடு இளைக்கும். கேப்பையை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் மூட்டையாகக் கட்டித் தொங்கவிட்டு, வெண்முளை எட்டிப் பார்த்ததும் மொட்டைமாடியில் உலர்த்தி, இளஞ்சூட்டில் வறுத்து அரைத்தால், முளைக்கும்போது உண்டான நொதி மாவுப்பொருளை உடைத்துவிடுவதால், அதில் ஒரு கரண்டி சேர்த்த கஞ்சி இறுகாமல் இளகும். அப்போது அதே கிண்ணத்தில் கூடுதல் மாவைப் போடலாம். குழந்தையும் சிரமமில்லாமல் விழுங்கும். சத்துமாவில் முளைகட்டிய கேழ்வரகு சேர்ப்பது இதற்காகத்தான். நம் கிழவிகள் இதைச் செய்யத் தெரிந்திருந்தார்கள். மாவு மில்லுக்குப் போகும் வழியில் நாம் இதை மறந்தோம்.

2022 செப்டம்பர் 15ஆம் தேதி, முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரையில் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் ஆரம்பிக்கப்பட்டபோது, மதுரை மீண்டும் ஒரு முறை இந்தச் சரித்திரத்தில் இடம் பெற்றது. மகிழ்ச்சிதான். ஆனால் 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரமின்றியும், 14.6 பேர் உயரத்துக்கேற்ற எடையின்றியும் இருந்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் படியை மிதிக்கும் முன்பே இளைத்தவர்கள்.

ஆகவே இதைப் படிக்கும் தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் தகப்பன்மாருக்கும் என் வேண்டுகோள் ஒன்று. உங்கள் வீட்டில் ஆறு மாதம் நிறைந்த குழந்தை இருந்தால் மாதம் தவறாமல் அங்கன்வாடிக்குக் கொண்டுபோய் எடை போட்டு, போன மாதத்து எடையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எடை கூடவில்லையென்றால் அடுத்த மாதம் வரை காத்திராதீர்கள். கொடுக்கும் மாவை அந்தக் குழந்தைக்கே கெட்டியாகப் பிசைந்து, ஒரு சொட்டு எண்ணெயோடும் ஒரு பிடி கீரையோடும், நாளைக்கு ஐந்து தரம் உங்கள் கையாலேயே ஊட்டுங்கள்.